மண்டையோட்டுத் தகரம்

கைதட்டலைப் பத்திரமா வெச்சுக்குங்க, பெரியோர்களே, தாய்மார்களே... இந்தக் குட்டிக் கதை முடிஞ்ச பிறகும் தட்ட மனசு வருதான்னு பாப்போம்.

ஓசூர்ப் பக்கம் ஒரு பூங்கா. அதைக் கட்டி ஆண்டது ரெண்டு சக்கரவர்த்திகள். ஒருத்தர் தாவரவியல் பேராசிரியர் ஜெயசிங். அவர் லத்தீன்ல பேர் சொல்லிக் கூப்பிட்டா, வாடின செடி எழுந்து நின்னு சல்யூட் அடிக்கும். இன்னொருத்தர் புலவர் மாசிலாமணி. அவர் தொண்டையைச் செருமினா பக்கத்து மாவட்டத்துல இடி இடிக்கும்.

பூங்கா மூலையில ஒரு கொடி. நெருப்பு மாதிரி பூ, அடியில கிழங்கு. ஊர் அதுக்கு வெச்ச பேரு கண்வலிக்கிழங்கு. பழைய தோட்டக்காரர் ஒரு தகரத்துல அந்தப் பேரை எழுதி, கீழே ஒரு மண்டையோடும் குறுக்க ரெண்டு எலும்பும் வரைஞ்சு, ஒரு கம்புல அடிச்சு நட்டுட்டு, வேலையை விட்டுப் போயிட்டாரு. விஷம்... அவ்வளவுதான் சேதி.

பேராசிரியர் முகம் சுளிச்சாரு. "உலகமே குளோரியோசா சூப்பர்பான்னு கொண்டாடுது. இதென்ன வியாதி பேரு?"

புலவர் கொதிச்சாரு. "சங்கத்தார் காந்தள்னு பாடின பூவுக்கு எலும்பா? பிடுங்குங்கய்யா அதை."

வாழ்நாள்ல அவங்க ஒத்துப்போனது அந்த ஒண்ணுலதான். தகரம் சாமான் அறைக்குப் போச்சு.

புதுப் பலகையில எந்தப் பேரு மேலே? லத்தீனா, தமிழா? அடேயப்பா... குருக்ஷேத்திரமே பதினெட்டு நாள்ல முடிஞ்சுது, இது முடியல. கம்பு மட்டும் நின்னுச்சு. மொட்டையா.

கோடையில கொடி காய்ஞ்சு மண்ணோட போச்சு. நடைபாதைக்கு மண் வெட்ட ஒடிசாவுல இருந்து ஹடிபந்துன்னு ஒரு தம்பி வந்தான், சம்சாரம் சுகந்தியோட. மண்வெட்டியில கிழங்கு சிக்குச்சு. அவங்க ஊர்க் காட்டுல தோண்டித் தின்கிற கிழங்கு மாதிரியே இருந்துச்சாம். கையில வெச்சுக்கிட்டுக் கம்பை நிமிர்ந்து பார்த்தான்... ஒண்ணும் இல்ல. கொண்டுபோய் வேகவெச்சான். அவளுக்கு அன்னிக்கு விரதம். அவன் மட்டும் சாப்பிட்டான்.

ஆஸ்பத்திரியில என்ன சாப்பிட்டாருன்னு கேட்டாங்க. சுகந்தி மடியில முடிஞ்சு வெச்சிருந்த மிச்சத்தை எடுத்து மேஜையில வெச்சா. டாக்டரம்மா பூங்காவுக்குப் போன் போட்டாங்க. பேராசிரியர் லத்தீன்ல சொன்னாரு. புலவர் போனைப் பிடுங்கி, காந்தள்னு திருத்தினாரு.

டாக்டரம்மா மெதுவாக் கேட்டாங்க: "ஐயா... பேரு இருக்கட்டும். விஷமா, இல்லையா?"

அந்தப் பக்கம் போன் ஒரு கையில இருந்து இன்னொரு கைக்கு மாறிக்கிட்டே இருந்துச்சு.

ஹடிபந்து பிழைக்கல. சட்டுனு சொல்லியிருந்தாப் பிழைச்சிருப்பானா? தெரியாது. தகரம் இருந்த இடத்துல இருந்திருந்தா?... அது தெரியும்.

மண்வெட்டியைத் திருப்பிக் குடுக்க சுகந்தி சாமான் அறைக்கு வந்தா. மூலையில அந்தத் தகரம். அவளுக்குத் தமிழும் படிக்க வராது, லத்தீனும் வராது. குனிஞ்சு, முந்தானையால தூசியைத் துடைச்சா. மண்டையோட்டை விரலால தொட்டா. அப்புறம் வாசல்ல நின்ன சக்கரவர்த்திகள் ரெண்டு பேரையும் நிமிர்ந்து பார்த்தா. யாரும் அவளுக்கு மொழிபெயர்த்துச் சொல்லல... சொல்ல வேண்டியிருக்கல.

இப்ப, இன்னிக்குத் திறக்கப்போற உங்க தோட்டத்துக்கு வரேன். பலகை எல்லாம் பார்த்தேன். பளிங்கு, பொன் எழுத்து. லத்தீன் இருக்கு, செந்தமிழ் இருக்கு, நன்கொடை குடுத்தவர் பேரு ரெண்டையும் விடப் பெருசா இருக்கு. அரளிக்கு முன்னாலயும் அப்படித்தான். பேருன்னா என்னங்க? செடிக்குச் சூட்டற மகுடமா? செடிக்குக் காது இல்ல, சாமி. அது முன்னால வந்து நிக்கிற மனுஷனுக்கு நாம சொல்ற சேதிதான் பேரு. அவனுக்குப் புரியலைன்னா, நாம இன்னும் பேரே வைக்கல.

ரிப்பன் காத்திருக்கட்டும். யாராவது ஒரு கரித்துண்டு குடுங்க... முதல்ல அந்த அரளிப் பலகையில ஒரு மண்டையோடு வரையணும். கோணலா இருந்தாலும் பரவாயில்ல.