உப்புப் பார்த்த உள்ளங்கை

இந்த அவைக்குத் தலைமையேற்று, எங்களைப் போன்றவர்களின் நாடியையும் நாவையும் ஒருசேரக் காத்துவரும் மருத்துவர் அம்மா அவர்களே! முன்வரிசையை நிறைத்திருக்கும் பெரியோர்களே! பெற்ற பிள்ளையையும் கட்டிய கணவனையும் கைத்தாங்கலாகப் பிடித்து இந்த மண்டபத்துப் படியேற்றி வந்திருக்கும் தாய்மார்களே! ஐம்பது வயதைத் தொடுமுன்பே பக்கவாதத்தைத் தொட்டு, விழுந்த இடத்திலேயே கிடக்க மறுத்து எழுந்து வந்திருக்கும் என் தோழர்களே, தோழியர்களே! மூன்றாம் வரிசையில், இந்த மனுஷன் என்ன உளறப்போகிறாரோ என்று கைப்பையின் வாரை முறுக்கிக்கொண்டிருக்கும் என் மனைவியே! உங்கள் அனைவருக்கும் என் அன்பு வணக்கம்.

நான் ஒரு சமையல்காரன். ஆலை கேன்டீனில் அறுநூறு பேருக்கு அடுப்பு மூட்டுகிறவன். மாஸ்டர் என்று கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்ப்பேன். என் நாக்கு இன்னும் கொஞ்சம் இழுக்கிறது. சொற்கள் சற்றுத் தாமதமாக வரும். சோறு தாமதமானால் எங்கள் ஆட்கள் தட்டைத் தட்டுவார்கள். நீங்கள் தட்டமாட்டீர்கள் என்று நம்புகிறேன். பின்னால் யாரோ நாற்காலியைத் தட்டுகிறீர்கள், கேட்கிறது. அவருக்குச் சோறு கடைசிப் பந்தியில்தான்!

எனக்கு அது வந்தபோது வயது முப்பத்தாறு. காலை பத்தரை மணி. அண்டாவில் குழம்பு கொதிக்கிறது. கரண்டி பிடித்த கை காற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. கரண்டி எங்கே? காலடியில் கிடக்கிறது. எடுங்கள் என்று சொல்ல வாயைத் திறக்கிறேன், வெறும் காற்று வருகிறது. காய் நறுக்கும் அக்கா ஓடிவந்து என்னைத் தாங்கிப் பிடித்திராவிட்டால் அண்டாவுக்குள்ளேயே சாய்ந்திருப்பேன். குடிப்பேனா? இல்லை. புகைப்பேனா? இல்லை. இரத்தக் கொதிப்பு! அறுநூறு பேருக்கு அரிசி அளந்தவன், தன் இரத்தத்தை ஒருநாளும் அளந்ததில்லை.

உயிரைப் பிடித்துக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். அனுப்பும்போதே மருத்துவர் அம்மா என் மனைவியிடம் சொல்லிவிட்டார், இன்னொரு முறை வந்தால் இவ்வளவு லேசில் விடாது என்று. அந்த ஒரு வாக்கியத்தை அவள் நெஞ்சில் கட்டிக்கொண்டு வந்தாள். நான் கையில் ஒரு தாளைக் கொண்டுவந்தேன். உப்பைக் குறை. அதிகாலையில் நட. மாத்திரையை மறக்காதே. உங்களுக்கும் கொடுத்தார்களா? ஓட்டுநருக்கும் அதே தாள், ஆசிரியைக்கும் அதே தாள், இல்லையா? அதிகாலை நடையாம்! அதிகாலையில் நான் நடந்தால் அறுநூறு பேருக்கு யார் அடுப்பு மூட்டுவது?

ஆனால் உப்பு விஷயத்தில் என் மனைவி உறுதியாக நின்றாள். உப்பு ஜாடியையே எடுத்துப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டாள். எனக்கு மட்டும் அல்ல, தனக்கும் சேர்த்து உப்பை நிறுத்தினாள். மாதம் ஒன்று போயிற்று, மூன்று போயிற்று, ஏழும் போயிற்று. மாத்திரை தவறவில்லை. கொதிப்பு மட்டும் இறங்கவே இல்லை. நூற்று அறுபதுக்கு நூறு. அசையாமல் அங்கேயே நின்றது.

தாய்மார்களே, இப்போது சொல்லப்போவதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. நான் அவளைச் சந்தேகப்பட்டேன். எனக்குத் தெரியாமல் உப்புப் போடுகிறாய், அதனால்தான் இறங்கவில்லை என்று கத்தினேன். தட்டைத் தள்ளினேன். இழுக்கும் நாக்கில் கத்தினால் எப்படியிருக்கும் என்று உங்களில் பலருக்குத் தெரியும். அவள் அழவில்லை. தன் தட்டை என் பக்கம் நகர்த்தினாள்.

"உங்க தட்டுல இல்லாதது என் தட்டுலயும் இல்ல. வேணும்னா எடுத்துப் பாருங்க" என்றாள்.

நான் எடுத்துப் பார்க்கவில்லை. எழுந்து போய்விட்டேன். ஊருக்கெல்லாம் உப்புப் பார்க்கிற மாஸ்டர், கட்டியவள் தட்டில் ஒரு வாய் பார்க்கவில்லை.

அந்த வாரம்தான் மருத்துவமனையிலிருந்து ஒரு செவிலியர் வந்தார். எப்போதும் நோட்டும் கையுமாக இருப்பதால் நாங்கள் வைத்த பெயர் நோட்டுக்காரம்மா. அதோ, தூணருகே நிற்கிறார். இப்போதும் ஏதோ எழுதுகிறார் பாருங்கள்! இதைச் சாப்பிடு, அதைச் சாப்பிடாதே என்று அவர் ஆரம்பிக்கவில்லை. உங்கள் ஒருநாள் எப்படிப் போகிறது, நான் கூடவே இருந்து பார்க்க வேண்டும் என்றார். காலை ஐந்து மணிக்குக் கேன்டீனுக்கே வந்துவிட்டார். கையில் நோட்டு, இன்னொரு கையில் ஒரு காலி ஜக்.

நான் என் வேலையைப் பார்த்தேன். கரண்டியால் மொண்டு உள்ளங்கையில் ஊற்றி உறிஞ்சுவேன். உப்பு, புளிப்பு, காரம் பார்த்து அடுத்த அண்டாவுக்குப் போவேன். இருபது வருஷப் பழக்கம். நான் ஒருமுறை உறிஞ்சினால் அவரும் அதே அண்டாவிலிருந்து அதே அளவு மொண்டு ஜக்கில் ஊற்றினார். பாவம், வீட்டுக்கு எடுத்துப்போகிறார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். சிரிக்காதீர்கள் அம்மா, உண்மையாகவே அப்படித்தான் நினைத்தேன்!

மதியம் பந்தி முடிந்ததும் ஜக்கை என் முன்னால் வைத்தார். பாதிக்கு மேல் நிறைந்திருந்தது.

"மாஸ்டர், இன்னைக்கு ஐம்பத்திரண்டு தடவை ருசி பாத்தீங்க. இவ்வளவும் உங்க வயித்துக்குள்ளதான் போயிருக்கு" என்றார்.

தோழர்களே! ருசி பார்ப்பதைச் சாப்பிடுவது என்று எந்தச் சமையல்காரன் நினைப்பான்? நான் காலையில் பட்டினி கிடந்து வேலை செய்கிறேன் என்றல்லவா பெருமையடித்துக்கொண்டிருந்தேன்! வீட்டில் ஒருத்தி உப்பே இல்லாமல் விழுங்கிக்கொண்டிருக்க, இங்கே நான் உள்ளங்கை உள்ளங்கையாக உப்பைக் குடித்துக்கொண்டிருந்திருக்கிறேன். எந்தத் தாளில் இது எழுதியிருக்கும்? என் அடுப்பருகே வந்து நின்றவருக்குத்தானே இது தெரியும்!

அன்று வீட்டுக்குப் போனேன். அவள் நகல் எடுக்கும் கடை வேலையிலிருந்து சாப்பிட வந்து உட்கார்ந்திருந்தாள். அவள் தட்டிலிருந்து ஒரு வாய் எடுத்துப் போட்டுக்கொண்டேன்.

"என்ன, உப்பு இருக்கா?" என்று கேட்டாள்.

இல்லை. ஒரு கல் உப்புகூட இல்லை. ஏழு மாதமாக அதைத்தான் தின்றிருக்கிறாள். அவள் தட்டிலிருந்தே இன்னொரு வாய் எடுத்தேன்.

அதன்பிறகு நோட்டுக்காரம்மாவும் நானும் உட்கார்ந்து எனக்கென்று ஒரு தாள் எழுதினோம். உப்புப் பார்ப்பது இனி காய் நறுக்கும் அக்கா. அவருக்கு எந்தக் கொதிப்பும் இல்லை என்று சோதித்துப் பார்த்த பிறகுதான். அவரும் கரண்டி நுனியில் தொட்டுப் பார்த்து வாயைக் கொப்பளித்துவிட வேண்டும். என் நடை, பந்தி முடிந்து ஆலைச் சுவரைச் சுற்றி. மாத்திரை, முதல் அடுப்பு பற்றும்போது. கரண்டியைக் கொடுத்த அன்று என் மானமே போனதுபோல் இருந்தது. ஒரு வாரம் கழித்து ஆலைக்காரர்கள் என்ன சொன்னார்கள் தெரியுமா? சாப்பாடு இப்போதுதான் நன்றாக இருக்கிறதாம்! இத்தனை வருஷம் உப்பு அதிகமாம். என்னிடம் சொல்லப் பயமாம்! நான்கு மாதத்தில் கொதிப்பு நூற்று இருபத்தெட்டுக்கு வந்தது. அங்கேயே இருக்கிறது.

ஆகவே கேட்கிறேன், தையற்காரரே, உங்கள் ஜக்கில் நிறைவது என்ன? ஓட்டுநர் தம்பி, உன் ஜக்கில் என்ன? என் ஜக்கில் இருந்தது குழம்பு. உங்களுடையதில் உறக்கமின்மை இருக்கலாம், யாரிடமும் சொல்லாத கவலை இருக்கலாம். உங்கள் நாளை ஒருவர் வந்து பார்க்கட்டும். கூச்சப்படாமல் காட்டுங்கள். இரண்டாவது முறை அது வருவதற்கு முன்பாகக் காட்டுங்கள்!

தலைவர் மணியடிக்கப் போகிறார். ஒன்று மட்டும் பாக்கி. அம்மா, மூன்றாம் வரிசை அம்மா, உன்னைத்தான். அன்றைக்குத் தட்டைத் தள்ளினேன். வீட்டில் கேட்டிருக்க வேண்டிய மன்னிப்பை இத்தனை பேர் முன்னால் கேட்கிறேன். நான் உன்மேல் கத்தியதும் தெருவுக்கே கேட்டதுதானே.

அவையோரே, இன்று உங்களுக்கான சாப்பாட்டை நான்தான் சமைத்தேன். உப்புப் பார்த்தவள் அவள். ஒரு துளி நாக்கில் வைத்துக் கண்ணை மூடி, போதும் என்றாள். எனக்கும் அது போதும். வந்து சாப்பிடுங்கள். உங்கள் பொறுமைக்கு நன்றி. வீட்டில் உங்களுக்காகத் தட்டு வைத்துக் காத்திருப்பவர்களுக்கு என் வணக்கம்.