அட்டைப்படத்தில் ஒரு கை

— இன்னும் கொஞ்சம் தள்ளிப் போ. கதவுகிட்ட நில்லு. இப்ப திரும்பி ஸ்க்ரீனைப் பாரு. என்ன தெரியுது?

— என் படம் தெரியுது.

— நீ வரைஞ்சவன், உனக்குத் தெரியும்பா. வரையாதவங்களுக்கு என்ன தெரியும்? டேய் தம்பி, அந்த ஹெட்ஃபோனைக் கழட்டிட்டு இங்க வா. ஆன்லைன் கேம் ஸ்டோர்ல வரிசையா இருக்கற படத்துல நம்ம கேம் எதுன்னு காட்டு.

— அக்கா, புருஷன் பொண்டாட்டி சண்டையில என்னை ஏன் இழுக்கற? நான் பாட்டுக்கு ஒரு ஓரமா மியூசிக் போட்டுக்கிட்டிருக்கேன்.

— காட்டுடா.

— இது வாள் புடிச்சவன். இது பூனை. இது மண்டை ஓடு. மாமா, தப்பா நினைக்காதீங்க, அந்தச் சாம்பல் கலர் சீப்பு, அதுதானே நம்மளது?

— சீப்பா?

— பல்லு பல்லா இருக்கே, அது.

— மச்சான், அது பல்லு இல்ல, ஜன்னல். வெள்ளம் ஏறிக்கிட்டிருக்கற ஒரு கட்டடம். இல்ல, கேளு. ஒவ்வொரு ஜன்னல்லயும் ஒரு குடும்பம். கீழ தண்ணி வர்றது தெரியாம ஒரு அம்மா துணி மடிக்கறாங்க. அதுக்கு மேல ஒரு தாத்தா மீன் தொட்டியைக் கட்டிப்புடிச்சுக்கிட்டு நிக்கறார். ஊரே மூழ்குது, அவர் மீனைக் காப்பாத்தறார். அந்த ஒரு ஜன்னலுக்கே நான் எவ்வளவு பாடுபட்டேன் தெரியுமா?

— பெரிசு பண்ணிப் பார்த்தா தெரியும்.

— ஆமா.

— ஸ்டோர்ல யாரு பெரிசு பண்ணிப் பார்க்கறா? விரலால தள்ளிக்கிட்டே போறாங்க. நம்ம படம் அங்க தபால்தலை சைஸுக்குத்தான் வரும். நீ இந்த ரூம்ல மூக்கு ஸ்க்ரீன்ல இடிக்கற தூரத்துல உட்கார்ந்து மீனுக்குச் செதில் போட்டிருக்க.

— அந்தச் செதிலைக் குறை சொல்லாதீங்க மேடம்.

— குறை சொல்லல ஓவியரே. அழகா இருக்கு. ஆனா இன்னைக்குச் சாயங்காலம் ஸ்டோர் முகப்புல, புதுசா வரப்போற கேமையெல்லாம் வைக்கறாங்க. நமக்கு அந்த இடம் ஒரு தடவைதான். நாலு பேர் நின்னு பார்த்தா கேமை முடிக்கலாம். நிக்கலேன்னா நான் இதுக்கு ப்ரோக்ராம் எழுதறதை விட்டுட்டுப் பழைய ஆபீஸுக்கே போறேன். சும்மா பயமுறுத்தல. நேத்தே போன் பண்ணிக் கேட்டுட்டேன். என் நாற்காலி இன்னும் காலியாதான் இருக்காம்.

— அக்கா, அந்த நாற்காலிக்கு ஒரு சக்கரமே கிடையாதே.

— அதனாலதான் காலியா இருக்கு.

— போன் பண்ணிட்டேன்னு என்கிட்ட ஏன் சொல்லல?

— சொன்னா நீ இன்னும் பத்து ஜன்னல் வரைவ. ஸ்டோர்ல நம்ம பக்கம் திறந்து இத்தனை நாள்ல எத்தனை பேர் வந்திருக்காங்கன்னு நீயே சொல்லு.

— நாம மூணு பேர்.

— அப்புறம் எங்கம்மா.

— அம்மாவும் மழை நிலவரம்னு நினைச்சு அழுத்தினாங்க மாமா.

— சரி, சரி. ரெண்டு பேரும் சேர்ந்து மிதிக்காதீங்க. என்ன பண்ணணும், சொல்லுங்க.

— ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். நம்ம கேம்லேருந்து எதை எடுத்துட்டா அது நம்ம கேமே இல்லாம போயிடும்?

— கட்டடம்.

— கட்டடம் எல்லா கேம்லயும் இருக்கு.

— வெள்ளம்?

— அதுவும்தான்.

— லிஃப்டு அக்கா. பழைய கம்பிக் கதவு போட்ட லிஃப்டு. நாமதான் லிஃப்ட்காரர். தண்ணி மேல வர்றதுக்குள்ள ஒவ்வொரு மாடியா நின்னு ஆளுங்களை ஏத்திக்கிட்டு மேல போகணும். இதுதானே கேம்?

— சரி, அடுத்து. அந்தக் கட்டடத்தைத் தூக்கிட்டு லிஃப்டை மட்டும் போடு.

— மேடம், லிஃப்டுன்னா ஒரு பெட்டி. தபால்தலை சைஸுல பீரோ மாதிரி இருக்கும். பீரோவைப் பார்த்து எவன் நிப்பான்?

— அப்ப லிஃப்ட்காரரைப் போடு. கதவைத் திறந்துக்கிட்டு நிக்கட்டும்.

— இரு, போடறேன். இந்தா. எப்படி?

— மாமா, தப்பா நினைக்காதீங்க. இவர் ஏன் பேன்ட் பாக்கெட்ல கையை விட்டுக்கிட்டு நிக்கறார்? தண்ணி கழுத்துக்கு வருது, இவர் பஸ்ஸுக்குக் காத்திருக்கற மாதிரி இருக்கார்.

— அது ஒரு ஸ்டைல் மச்சான்.

— அந்தக் கட்டடப் படத்துல துணி மடிக்கற அம்மாவுக்கும் கை துணிக்குள்ள இருக்கு. தாத்தா கையை மீன் தொட்டி மறைக்குது. மூணாவது மாடியில அந்தப் புதுப் பொண்டாட்டி, அவங்களும் கையைப் பின்னாடி கட்டியிருக்காங்க. இந்தக் கட்டடத்துல ஒருத்தருக்குக்கூட கை இல்லியா?

— கேமுக்குள்ளயும் யாருக்கும் இல்லடா. உனக்கு இப்பதான் தெரியுதா?

— வராதுப்பா எனக்கு. போதுமா? முகம் வரும், மழை வரும், மீன் வரும். கை மட்டும் வராது. ரப்பர் கையுறையில தண்ணி ஊத்தித் தொங்கவிட்ட மாதிரி ஆயிடும். காலேஜ்ல வாத்தியார் என் படத்தை எல்லாருக்கும் காட்டிச் சிரிச்சார். அன்னைக்கு விட்டதுதான்.

— அந்த வாத்தியார் இப்ப நம்ம கேமை வாங்கப்போறாரா?

— இல்ல.

— அப்ப அவரை விடு. டேய், வாசல் கம்பிக் கதவைப் பாதி இழு. நான் வெளிய நிக்கறேன். ஒரு கையால கதவைத் தாங்கிக்கிட்டு இன்னொரு கையை உள்ள நீட்டறேன். ஓவியரே, நீ அங்க தரையில உட்கார்ந்து வரை. தண்ணியில நிக்கறவன் பார்க்கற மாதிரி, கீழேருந்து.

— அக்கா, எதிர் வீட்டுல எட்டிப் பார்க்கறாங்க.

— பார்க்கட்டும். வேணும்னா அவங்களும் ஏறிக்கட்டும்.

— இல்ல, கேளு. உள்ளங்கை வருது, விரல் வரமாட்டேங்குது. இந்தச் சுண்டுவிரல் எங்கேருந்து ஆரம்பிக்குதுன்னே புரியல.

— விரலைத் தனித்தனியா வரையாதே. என் கை என்ன பண்ணுதுன்னு பாரு. உன்னைப் புடிக்க வருது. அதை வரை.

— ம்.

— அழிச்சியா?

— அழிச்சேன். பேசாதே. கட்டைவிரல் நகம் உடைஞ்சிருக்கு, அதையும் போடவா?

— போடு. கம்பிக் கதவை இழுத்து இழுத்து லிஃப்ட்காரருக்கும் நகம் உடைஞ்சுதான் இருக்கும்.

— மாமா, பக்கத்துல இருக்கற படமெல்லாம் கறுப்பும் நீலமுமா கிடக்கு. நம்மளதும் அப்படியே இருந்தா அதுல கரைஞ்சு போயிடும்.

— லிஃப்டுக்குள்ள எரியற பல்பு மஞ்சள் இல்லியா? கைக்குப் பின்னாடி முழுக்க அந்த மஞ்சளை ஊத்தறேன். வேற ஒண்ணும் வேண்டாம். கீழ மட்டும் ஒரு கோடு தண்ணி.

— பேரு? ‘ஏறிக்கோ’ன்னு இவ்வளவு நல்ல பேரை வெச்சுட்டு, வீடு வாடகைக்குன்னு எழுதற மாதிரி மூலையில போட்டிருந்த.

— மேல, குறுக்க, பெரிசா. போதுமா? மேடம், கையை இறக்கிடலாம்.

— இறங்கமாட்டேங்குது. மரத்துப்போச்சு. டேய், வந்து மடக்கி விடு.

— ஐயோ அக்கா, இரு. இப்ப?

— பரவால்ல. படத்தைச் சின்னதாக்கி அந்த வரிசையில வை. தம்பி, நீ கதவுகிட்டப் போய் நின்னு திரும்பிப் பாரு.

— வாள், பூனை, மண்டை ஓடு...

— என்னடா, நின்னுட்ட?

— அக்கா, என்னை அறியாமலே கையை நீட்டிட்டேன்.

— மச்சான், என்னைச் சந்தோஷப்படுத்தறதுக்காகச் சொல்லாதே.

— உங்களைச் சந்தோஷப்படுத்த எனக்கு என்ன மாமா வேண்டுதல்? சத்தியமா. யாரோ என்னைத் தூக்க வர்றாங்க. இது யாரு, எங்க கூட்டிட்டுப் போறாங்கன்னு பார்க்கணும் போல இருக்கு.

— அப்ப என் மீன் தாத்தா? அந்தப் படம் அவ்வளவுதானா?

— யாரு சொன்னா? பக்கத்துக்குள்ள வை, முழு அகலத்துக்கு. உள்ள வந்தவங்க நிதானமா உட்கார்ந்து பார்க்கட்டும், செதில் உள்பட. வாசல்ல நின்னு கூப்பிடறதுக்குக் கை போதும். டேய், அட்டைப்படத்தை மாத்திட்டு ஸ்டோர் முகப்பைத் திறந்து வை.

— மாத்திட்டேன். வரிசை இன்னும் வரலக்கா.

— மறுபடி பாரு.

— பார்த்துக்கிட்டேதான் இருக்கேன்... வந்துடுச்சு. மாமா, நம்மளது மட்டும் மஞ்சளா பளிச்சுன்னு இருக்கு.

— எத்தனை பேரு வந்தாங்க?

— அம்மாவைத் தாண்டிட்டோம்.

— கிண்டலா?

— இல்ல மாமா, இந்த எண்ணைப் பாருங்க. பேசிக்கிட்டிருக்கும்போதே மாறுது. நூத்தி... இருங்க, ஒரு சைபரை விட்டுட்டேன்.

— ஒரு சைபரா? எந்தப் பக்கம்டா?

— பின்னாடிதான்க்கா. வந்தவங்கள்ல பாதிப் பேரு கேம் வெளிவந்ததும் வாங்கறதுக்குன்னு குறிச்சும் வெச்சிருக்காங்க.

— ஓவியரே, அழறியா?

— இல்ல. கண்ணு எரியுது. ஆமா, அழறேன், போ. என் கையைப் பார்த்து நிக்கறாங்க. நான் வரைஞ்ச கையைப் பார்த்து.

— கீழ எழுதவும் ஆரம்பிச்சுட்டாங்க. படிக்கவா? ‘வேற ஏதோ தேடிக்கிட்டிருந்தேன், இந்தக் கையைப் பார்த்து நின்னுட்டேன்.’ அடுத்தவங்க, ‘லிஃப்ட்காரர் நகம் உடைஞ்சிருக்கு, பாவம், எத்தனை பேரைத் தூக்கினாரோ.’ இதோ இன்னொருத்தர், ‘கேம்ல எந்த பட்டனை அழுத்தினா கையை நீட்டலாம்?’ அக்கா, கீழ எல்லாரும் இதையேதான் கேக்கறாங்க.

— போச்சு.

— என்ன மாமா?

— நம்ம கேம்ல கையை நீட்டவே முடியாதேடா. லிஃப்டை ஏத்தலாம், இறக்கலாம், கதவைத் திறக்கலாம், மூடலாம். அவ்வளவுதான். இல்லாததைக் காட்டிக் கூப்பிட்டுட்டோம். மேடம், உடனே எடுத்துடு. வாங்கினப்புறம் அவங்க ஏமாந்து திட்டறதுக்குப் பதிலா, இப்பவே அந்தச் சீப்பைத் திரும்ப வெச்சுடலாம்.

— எடுக்கமாட்டேன். தம்பி, பதில் போடு. ‘ஸ்பேஸ் பாரை அழுத்துங்க’ன்னு போடு.

— அக்கா, அதை அழுத்தினா ஒண்ணும் ஆகாதே.

— நான் அணைச்சு வெச்சிருக்கேன், அதனால ஆகாது. லிஃப்ட் கதவுக்கு ப்ரோக்ராம் எழுதறதுக்கு முன்னாடியே நான் எழுதினது கையை நீட்டறதைத்தான். கை இருக்க வேண்டிய இடத்துல ஒரு வெள்ளைக் கட்டத்தை வெச்சுட்டு, இந்த மனுஷன் என்னைக்காவது ஒரு கை வரைவார்னு காத்துக்கிட்டிருந்தேன்.