பன்னண்டுக்குள்ள ஸ்டார்ட் பண்ணோணும்

ஹலோ… ஹலோ, திருமலைசாமி அண்ணாங்ளா? கிருபா பேசறனுங்க… ஆமாங்ணா, ஆமாங்க, ஆறு மிஸ்டு கால் பாத்தனுங்க. போன் ஸ்கூட்டர் டிக்கியில கெடந்துச்சு, இப்பத்தான் எடுத்தேன்… இருகூர்கிட்ட ரயில்வே கேட்டுலீங்க. கேட்டு மூடி இருவது நிமிசமாச்சு. கூட்ஸ் வண்டி வந்து நடுவுல நின்னுக்கிச்சு. முன்னாலயும் போகல, பின்னாலயும் போகல…

இல்லீங்ணா, சுத்தியும் வர முடியாதுங்க. பின்னாடி ரெண்டு லாரி, ஒரு கல்யாண பஸ்சு. நட்டநடுவுல மாட்டிக்கிட்டேன்… ஏனுங்க தம்பி, ஆரன் அடிச்சா கேட்டு தொறந்துருமா? சும்மா இருங்க சித்த… உங்களயில்லீங்ணா, இங்கொருத்தரு. நீங்க சொல்லுங்க.

எத்தன பேருங்க?… நாப்பது பேரா! ஏனுங்ணா, நாம என்ன பேசுனோம்? நம்ம பழைய எஞ்சின் குரூப்புல இருக்கறது ஏழு பேரு. அவிய மட்டும் வரட்டும், டீயும் பன்னும் குடுத்துக்கலாம்னுதான பேசுனோம்… சரீங்க… சரீங்க… சம்பந்தி ஊட்டுக்காரரும் வந்தாச்சுங்களா… சாப்பாடுமா… சரீங்க, உங்க ஷெட்டு, உங்க இஷ்டம்.

ஃபிளெக்ஸா? எதுக்குங்க ஃபிளெக்ஸு?… பத்தடிக்கா… உங்க போட்டோ, டிராக்டர் போட்டோ. சரீங்க. என்ர பேரு?… எடம் பத்தலீங்களா. பத்தடியில… இல்லீங்க, நான் ஒண்ணும் நெனைக்கலீங்க. நெனைக்கலீங்கறேன்.

நம்ம பழைய டிராக்டர் எப்படி இருக்குதுங்க? பெயிண்டு காஞ்சுருச்சுங்களா?… மயில் கலரா?

…ஏனுங்ணா, மங்குன பச்சையல்லங்க கேட்டேன்? அறுவது வருசத்துக்கு முன்னால கம்பெனிய உட்டு வந்தப்ப இருந்த அதே பச்சை. டப்பாவே வாங்கி உங்க கையில குடுத்துட்டுத்தான வந்தேன்… மினுங்கும்ங்க. காருக்கு அடிக்கற பெயிண்டு மினுங்காம என்ன பண்ணும்… கோவமில்லீங்க. கோவமெல்லாம் இல்லீங்ணா… அந்தப் பித்தளத் தகடு இருக்குதுங்களா, எஞ்சின் நம்பர் போட்டது?… அதுக்கு மேலயுமா அடிச்சுப்போட்டாங்க! கெரகமே… சரி உடுங்க. சொரண்டிக்கலாம். வந்து நான் பாத்துக்கறேன்.

என்னங்க?… பன்னண்டுக்கு எமகண்டமா. அதுக்குள்ள ஸ்டார்ட் பண்ணோணுமா… இப்ப மணி பதினொன்னு நாப்பதுங்க. கேட்டு தொறந்தா பறந்து வந்துருவேன். வராட்டி ஒன்றரைக்கு மேல வெச்சுக்கலாம், எமகண்டம் போயிரும். அதுக்குள்ள எல்லாரும் சாப்பிட்டுக்கட்டும்…

அண்ணா… அண்ணா, கேளுங்க. நான் வராம ஸ்டார்ட் பண்ணக் கூடாதுங்க… ஆமாங்க, வாஸ்தவந்தானுங்க. எடம் உங்களுது, பெயிண்டுக் கூலி உங்களுது. ஆனா மூணு வருசமா ஒரு ஞாயித்துக்கெழம உடாம அதுக்கடியில படுத்துக் கெடந்து சரி பண்ணுனது நானுங்க. பாலிடெக்னிக்ல வாரமெல்லாம் லேப் பாத்துட்டு, இருக்கற ஒரு நாளையும் அதுக்கே குடுத்தேன். பொள்ளாச்சி கொப்பரக் களத்துல மட்டைக்கு அடியில கெடந்தப்ப, இத எடைக்குப் போட்டுருன்னு நீங்கதான் சொன்னீங்க… சிரிங்க, சிரிங்க. எனக்கு ஃபிளெக்ஸு வேண்டாமுங்க, மாலை வேண்டாமுங்க. அதோட மொதச் சத்தத்த நான் பக்கத்துல நின்னு கேக்கோணும். அவ்வளவுதான் என்ர ஆசை.

…சரீங்களா? நிறுத்தி வெக்கறீங்களா?… ரொம்பச் சந்தோசமுங்ணா. ரொம்பச் சந்தோசம்.

ஏனுங்க, அங்க என்னமோ ஊத்தற சத்தம் கேக்குது?… பெட்ரோலா? யாரு ஊத்தச் சொன்னதுங்க?… அண்ணா இருங்க, இருங்க. இப்பத்தான சரின்னீங்க? அதுக்குள்ள என்னங்க… பூஜை போட்ட வண்டிய ஓட்டாம வெக்கக் கூடாதா? யாருங்க சொன்னது?… சம்பந்தியா. அவுரு என்னங்க, மெக்கானிக்கா?

ஆயில் இல்லீங்க அதுல! எஞ்சின் ஆயிலுங்க. உங்க ஷெட்டுக்கு லாரியில ஏத்தித் தாட்டியுடறப்ப சாஞ்சா ஒழுகிரும், பெயிண்டு ஒட்டாதுன்னு சுத்தமா வடிச்சுப்போட்டேன். சொட்டு இல்லீங்க உள்ள. அதுக்குத்தான் ஆயில் வாங்கிட்டு வாரேன். ஞாயித்துக்கெழம கடையில்லாம அலைஞ்சு, கடைக்காரரு ஊட்டுக்கே போயி எழுப்பி வாங்குனேன். டப்பா என்ர கால்கிட்டதான் இருக்குது…

…ஆமாங்க. ஆமாங்ணா, சொன்னேன். எல்லாம் ரெடி, பெயிண்டு மட்டுந்தான் பாக்கின்னு நான்தான் சொன்னேன். என்ர தப்புத்தானுங்க. வடிச்சதச் சொல்லாம உட்டுப்போட்டேன். ஒரு சீட்டெழுதி ஒட்டியிருக்கோணும், எனக்குப் புத்தியில்ல. உங்க காலுல வேணாலும் உழுகறேன், ஸ்டார்ட் பண்ண இழுக்கற அந்தக் கயித்துல மட்டும் கை வெச்சுராதீங்க… ஹலோ? கேக்குதுங்களா?… ஆயில் இல்லீங்கறேன்!… என்னங்க அது, மேளமா? ஹலோ அண்ணா… ஹலோ…

யாரு?… சாய்ப்ரியாவா? கண்ணு, உங்க மாமனார்கிட்ட போனக் குடு… அவருதான் உன்ர கையில குடுத்துட்டுப் போனாரா? வீடியோவெல்லாம் எனக்கு வேண்டாங் கண்ணு. நீ ஓடிப்போயி அவரு கையப் புடிச்சு நிறுத்து. எஞ்சின்ல ஆயில் ஊத்தலீன்னு சொல்லு… மாமனார் கையப் போயி எப்படிப் புடிக்கறதா? அப்பக் கத்து அம்மணி, அங்கிருந்தே கத்து!… மேளத்துல கேக்கலியா… குனிஞ்சுட்டாரா… கயித்தச் சுத்திட்டாரா…

அட.

…

ஸ்டார்ட் ஆயிருச்சு. மொத இழுப்புலயே… கண்ணு, போன இன்னும் கிட்டத்துல கொண்டு போ… இதேதான். இப்படித்தான் சத்தம் வரும்னு நெனச்சேன், இதே மாதிரி, ஒரு தட்டுக்கூட தப்பாம…

அய்யோ, நானொருத்தி, என்னத்தக் கேட்டுட்டு நிக்கறேன்! கண்ணு, அத நிறுத்தோணும். ஆயில் இல்லாம ஓடுனா பிஸ்டன் சூடேறி உள்ளயே ஒட்டிக்கும். ஈரோட்டுல ஒருத்தருகிட்ட எட்டு மாசம் நடந்து வாங்குன பிஸ்டன், அந்த அளவுல இன்னொன்னு எங்கியும் கெடையாது… சாவியெல்லாம் இல்ல அதுக்கு. பிளக்குப் பக்கத்துல நாக்காட்டம் ஒரு தகரப் பட்டை நீட்டிட்டு இருக்கும், தெரியுதா?… அதேதான். அத பிளக்கு மேல அமுத்துனா நின்னுரும். வெறுங்கையில தொடாத, ஷாக்கடிக்கும். செருப்பக் கழட்டி அதுல அமுத்து.

…செருப்பில்லியா?

பூஜைன்னு எல்லாருமே வெளிய உட்டுட்டு வந்துட்டீங்களா? நாப்பது பேருமா?… கரண்டி வேண்டாங் கண்ணு, அது இரும்பு! தேங்கா மூடியா, ஈரம், வேண்டாம்… வெளிய ஓடு. யாரு செருப்பா இருந்தா என்ன, கைக்குக் கெடச்சத எடுத்துட்டு ஓடியா… ஓடறியா?… சீக்கிரம்… சத்தம் மாறுது கண்ணு. இழுத்து இழுத்து ஓடுது, எனக்கு இங்கயே கேக்குது… எடுத்துட்டியா?… கூட்டத்தத் தள்ளிட்டுப் போ. தள்ளு!

…

நின்னுருச்சு. அப்பாடா… நின்னுருச்சு. கண்ணு? நீதான அமுத்துன?

…இன்னும் கிட்டத்துலயே போகலியா.

அதுவா நின்னுச்சா?

…ம். மாமாகிட்டக் குடு.

…ஆமாங்ணா. கேட்டேனுங்க. ஆமாங்க, மொத இழுப்பு… ஆமாங்க, ஆமாங்க, நல்ல நேரத்துக்குள்ளயே… அண்ணா, அந்தக் கயித்தச் சுத்தி ஒருக்கா மெதுவா இழுத்துப் பாருங்க. ஸ்டார்ட் பண்ண வேண்டாமுங்க, சும்மா இழுங்க… வருதுங்களா?… நல்லா இழுத்துமா?… ஒரு இஞ்சு கூட வரலீங்களா.

…இல்லீங்க, கயிறு சிக்கலீங்க. வேற ஆள உட்டெல்லாம் இழுக்காதீங்க. உட்டுருங்க… இல்லீங்ணா, உங்கள ஒண்ணும் சொல்லலீங்க. சாப்பாடு வேண்டாமுங்க… அழுகலீங்க… ஆமாங்க, அழுகறனுங்க.

ஏனுங்ணா, அங்க இன்னும் கை தட்டிட்டு இருக்காங்களே… அத மட்டும் நிறுத்தச் சொல்லுங்க. வெச்சுடறேன்.