இருபத்தொண்ணாவது குச்சி

மத்தியானம் பன்னெண்டரை மணி...

சிரிக்காதீங்க. பேய்க்கு நைட் டூட்டி மட்டும்தான்னு யாரு சொன்னது? உச்சி வெயில்ல வர்றதுதான் மோசம். ராத்திரின்னா இருட்டுல ஏதோ தெரிஞ்சதுன்னு மனசைத் தேத்திக்கலாம். பட்டப்பகல்ல பார்த்ததுக்கு என்ன சொல்லித் தேத்துவீங்க? அந்த டார்ச்சை அணைச்சிட்டு இப்படிப் படியில வந்து உக்காருங்க. கரண்ட் இப்போதைக்கு வராது.

பன்னெண்டரை மணி. ரயில் பாதையை ஒட்டி ஒரு தார் ரோடு. ஈ காக்கா இல்ல. ரோட்டுக்கு இந்தப் பக்கம் நீளமா ஒரு காம்பவுண்டு சுவர். உள்ள, பழைய பேட்டரியை உடைச்சு ஈயம் உருக்கின பாக்டரி இருந்த இடம். மூடி வருஷக்கணக்கா ஆச்சு. ஆனா கேட்டைத் தாண்டினா தொண்டையில ஒரு புளிப்பு ஏறும்... நாக்குல பழைய சாவியை வச்ச மாதிரி ஒரு ருசி. புல்லு கூட மொளைக்காது.

அந்த கேட்டுக்குள்ள பைக்கைத் தள்ளிக்கிட்டு ஒருத்தன் போறான். என் கூட வேலை பாக்கிறவளோட தம்பி. மண்ணை எடுத்து லேபுக்கு அனுப்பி ரிப்போர்ட் வாங்குறது அவன் வேலை. அங்க எல்லாருக்கும் அவன் 'மண்ணு சார்'. நல்ல பையன்னுதான் நானும் நினைச்சிட்டிருந்தேன்.

விஷயம் இதுதான். பாக்டரி முதலாளி சம்பாதிக்கிற வரைக்கும் சம்பாதிச்சிட்டு, மண்ணைக் கெடுத்துட்டு, கைகழுவிட்டுப் போயிட்டான். அந்த நிலத்தைச் சுத்தம் பண்ணி வீடு கட்டுறதுக்குப் பாதி அரசாங்க மானியம், பாதி பேங்க் கடன். மொத்தமா தூக்கிக் கொடுத்துட மாட்டாங்க. விஷ மண்ணைத் தோண்டி எடு, சுத்தம்னு ரிப்போர்ட் காட்டு, அடுத்த தவணை வாங்கிக்கோ. ஏற்பாடு நல்ல ஏற்பாடுதான். ஆனா மண்ணு சார் எங்கெங்க மண்ணு எடுக்கப் போறாரோ, அங்கெல்லாம் முன்னாடியே முளைக்குச்சி அடிச்சு, சிவப்புத் துணி கட்டி, அதுல நம்பர் எழுதிடுவாரு. மொத்தம் இருபது குச்சி. நிலத்தை எடுத்திருந்த பில்டர், எல்லாரும் 'தங்கப்பல்லு'ன்னு கூப்பிடுற ஆளு, அவனுக்கு அது போதாதா? குச்சி நிக்கிற இடத்தை மட்டும் குழியாத் தோண்டி நல்ல மண்ணு போட்டான். மிச்ச நிலம் முழுக்க விஷம் அப்படியே. மேலாக்க ஒரு லோடு செம்மண்ணு. பேங்க் கண்ணுல மண்ணைத் தூவியாச்சு.

இது அந்தத் தம்பிக்குத் தெரியாதான்னு கேக்கறீங்களா? தெரியும். நல்லாவே தெரியும். அவன் பொண்டாட்டி அப்போ மாசமா இருந்தா. ஒத்த ரூம்ல வாடகைக்கு இருந்தாங்க. தங்கப்பல்லு தோள்ல கை போட்டு, உனக்குப் பாதி விலையில ஒரு கீழ்வீடு, பின்னாடி குழந்தை விளையாடத் தோட்டத்தோடன்னு சொன்னானாம். இவன் தலையாட்டிட்டான்.

சரி... அந்த மத்தியானம். மெஷின் ஓட்டுறவங்க சாப்பிடப் போயிட்டாங்க. சத்தமே இல்ல. திடீர்னு... டக்... டக்... டக்...

குச்சி மேல கல்லு விழுற சத்தம்.

திரும்பிப் பார்த்தான். ஒரு பொம்பளை குத்துக்கால் போட்டு உக்காந்து குச்சி அடிச்சிட்டிருக்கா. நீலக் கோட்டு. பாக்டரில பேட்டரி மூடி கழுவின பொம்பளைங்க போட்டிருந்தாங்களே, அந்தக் கோட்டு. வெறுங்காலு. இவன் நட்டு வச்ச குச்சியைப் பிடுங்கிட்டு வந்து, யாருமே தோண்டாத இடத்துல அடிக்கிறா. உச்சி வெயில்ல நிழல் அடியிலயே சுருண்டு கிடக்கும்ல... குச்சிக்கு இருந்துச்சு. அவளுக்கு இல்ல.

முகத்தைத் திருப்பாம, தொண்டை கட்டின குரல்ல சொன்னா.

"இங்க எடுக்கலையே, சார்."

அவ்வளவுதான். கண்ணை மூடித் திறந்தான், ஆள் இல்ல. புளிப்பு வாடை மட்டும்.

நீங்களா இருந்தா என்ன பண்ணுவீங்க? ஓடுவீங்க. இல்ல, அந்த இடத்துல ஒரு பிடி மண்ணு எடுப்பீங்க. இவன் என்ன பண்ணான் தெரியுமா? அந்தக் குச்சியைப் பிடுங்கி, பழைய குழியிலயே நட்டு, அங்க இருந்து மண்ணை எடுத்தான். சுத்தம்னு கையெழுத்தும் போட்டான். பேயே வந்து சொல்லியும் கேக்காதவனை என்ன செய்யிறது? பயம் இருந்துச்சு. ஆனா வீட்டு ஆசை அதைவிடப் பெரிசா இருந்துச்சு.

தவணை எல்லாம் வந்துச்சு. கட்டடம் எழும்புச்சு. பேப்பர்ல போட்டோ போட்டு, பாழ் நிலம் பூங்காவா மாறிடுச்சுன்னு எழுதினாங்க. இவனும் கீழ்வீட்டுக்குக் குடி போனான். குட்டிப் பொண்ணு அந்தத் தோட்டத்துலதான் தவழ்ந்தா, அங்கதான் நடந்தா. குழந்தைன்னா மண்ணை அள்ளி வாயில போடத்தானே செய்யும்.

ரெண்டரை வயசுல அது பேசின பேச்செல்லாம் ஒவ்வொண்ணா மறக்க ஆரம்பிச்சது. தண்ணின்னு சொன்ன பிள்ளை கையை மட்டும் நீட்டும். எந்நேரமும் வயித்து வலி. முகம் வெளிறிப் போச்சு. அம்மாக்காரி டாக்டர்கிட்ட தூக்கிட்டு ஓடினா. பூச்சியா இருக்கும்னு மருந்து கொடுத்தாங்க. இவன் பக்கத்துலயே நிக்கிறான்! ஈயம் இருக்கான்னு ரத்தத்தைப் பாருங்கன்னு ஒரு வார்த்தை... ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போதும். சொன்னா, ஈயம் எங்க இருந்து வந்துச்சுன்னு கேப்பாங்க. கேட்டா, அந்தக் கையெழுத்து யாரோடதுன்னு வரும். வாயை மூடிட்டு நின்னான், படுபாவி. பெத்த பிள்ளைங்க!

அப்புறம்தான் அது மறுபடி ஆரம்பிச்சது. ஒரு மத்தியானம், தோட்டத்துல... டக்... டக்... போய்ப் பார்த்தா ஊஞ்சலுக்குக் கீழ ஒரு முளைக்குச்சி. சிவப்புத் துணி. பிடுங்கி ரயில் பாதைப் பக்கம் வீசினான். கொஞ்ச நாள் கழிச்சு வீட்டுக்குள்ளயே சத்தம். குழந்தை கட்டிலுக்குப் பக்கத்துல, டைல்ஸ் நடுவுல குச்சி நிக்குது. டைல்ஸ்ல ஒரு கீறல் கூட இல்ல. அதையும் பிடுங்கி எறிஞ்சான். பொண்டாட்டிகிட்ட மூச்சு விடல.

அடுத்த லீவு நாள். சாப்பிட்டு எல்லாரும் படுத்துட்டாங்க. இவனுக்குத் தூக்கம் வரல. ஹால்ல உக்காந்து சத்தம் வருதான்னு காதைத் தீட்டிக்கிட்டே இருக்கான். வரல. ஒரு சத்தமும் வரல... ஆனா அந்தப் புளிப்பு வாடை. ரூமுக்குள்ள இருந்து.

ஓடிப் போய்க் கதவைத் திறந்தான். அம்மாக்காரி அசந்து தூங்குறா. குழந்தை மட்டும் எழுந்து உக்காந்திருக்கு. தரையில குச்சி இல்ல. குழந்தையோட முழங்கைக்கு மேல சிவப்புத் துணி கட்டியிருந்துச்சு. அதுல வெள்ளை பெயிண்ட்ல நம்பர். இருபத்தொண்ணு.

எழுத்து அவன் எழுத்து.

பேச்சை மறந்துபோன அந்தப் பிள்ளை கையை நீட்டி, தெளிவா சொல்லுச்சு.

"அப்பா, இங்க எடுக்கணுமாம்."

அப்போதான் அவனுக்கு உறைச்சது. இத்தனை வருஷம் கழிச்சு. பிள்ளையை வாரித் தோள்ல போட்டுக்கிட்டு ஆஸ்பத்திரிக்குன்னு வாசலுக்கு ஓடினான். செருப்பு கூடப் போடல.

எதிர் வீட்டுக் கதவு திறந்திருந்துச்சு. அந்த வீட்டுப் பொண்ணு கைக்குழந்தையை இடுப்புல வச்சுக்கிட்டு, அதோட கையில என்னமோ முடிச்சை அவிழ்த்துட்டிருக்கா. இவனைப் பார்த்ததும் கேட்டா.

"இருபத்திரண்டுன்னு எழுதியிருக்கு... யாருங்க இதைக் கட்டினது?"

கீழ்வரிசையில அடுத்த கதவு திறந்துச்சு. அதுக்கு அடுத்ததும்.