ஈரச் சாக்கு

— ஸ்பேனரக் கீழ வை நைனா. அது நட்டு இல்ல.

— நட்டு மாதிரிதானடி கீது?

— பாக்கத்தான் அப்படி. அதுக்குப் பேரு காலர். மெஷின்ல வெச்சு நசுக்கி அழுத்தினது. நாள் பூரா திருப்பினாலும் வராது.

— வராத ஆணிய எதுக்குடி ஜமுனா, நம்ம படகுல போட்ட?

— நீதானே சொன்ன, இன்னா போல்ட்டு போட்டாலும் இஞ்சின் ஆட்டத்துல கழண்டுடுதுன்னு. எங்க கம்பெனில டிரெய்லருக்கு இந்த லாக்போல்ட்டதான் அடிக்கறோம். உன் சீட்டு அசையக் கூடாதுன்னு அடிச்சேன்.

— அசையலடி. பொய் சொன்னா வாய் வெந்துடும். முட்டி போனவன் ராஜா மாதிரி குந்திகினு வலை இழுத்தேன். நம்ம லைட்ஹவுஸ் குப்பத்துல எவன் படகுல லாரி சீட்டு கீது, சொல்லு?

— அதான் வெனையாப் போச்சு. சீட்டுல குந்தறவனுக்கு ஏரில வலை விடற பாடு எதுக்குன்னு நம்ம குப்பத்து தேசப்பன் மாமா கேட்டாராமே.

— கேட்டான். நின்னு வலை விடறவனுக்குத்தான் ஏரில மொறை. முடியாதவன் பாட்டை ஆம்பள புள்ளைக்கு வுட்டுடணும். எனக்கு எவன் கீறான்?

— நான் இருக்கேனே.

— நீ கீற கண்ணு. ஊர் மொறையில இல்ல.

— நான் சும்மா இருந்திருக்கலாம் நைனா. கம்பியப் புடிச்சினு எப்படியோ நின்னிருப்ப. ஒருத்தர் கண்ணுலயும் பட்டிருக்காது.

— வுடு. தண்ணில வுழுந்திருப்பேன், அதுவும்தான் கண்ணுல பட்டிருக்கும்.

— சிரிக்காத. பாடு யாருக்குன்னு பேச சாயங்காலம் ஊர்க் கூட்டம், அதுக்குள்ள இத எடுத்துடறேன். எல்லார் படகு மாதிரி ஆயிடும். நீ ஏறி நின்னு காட்டு, போதும். அந்த ஈரச் சாக்க படகு ஃபைபர் மேல போடு. அறுக்கற கிரைண்டர் பொறி பட்டா கருகிடும்.

— போட்டுட்டேன்.

— சீட்டு மேல போட்டிருக்க!

— ரெக்சின் பொத்தலாயிடுமே.

— ஆவட்டும். தூக்கிப் போடப் போற சீட்டு. படகப் பாரு.

— நீ அறுடி.

— காலர நெடுக்க ரெண்டு பக்கமும் கீறினா போதும். அப்புறம் உளிய வெச்சு ஒரே தட்டு. தோ, பொளந்துடுச்சு பாரு. இனிமே ஆணிய கீழ தட்டித் தள்ளிடலாம்.

— அந்த உடைஞ்சத இப்படிக் குடு.

— தொடாத, கொதிக்குது! அது இனி எதுக்கும் ஆவாது. ஒரு வாட்டி போட்டா போட்டதுதான்.

— சீட்டுக் காலு கீறாம அறு.

— மறுபடியும் சீட்டா? கடைசி ஒண்ணுதான், சாக்க இங்க நகத்து... நைனா! நகத்தச் சொன்னேனா இல்லியா? பாரு, படகு கையகலத்துக்குக் கருகிப் போச்சு.

— பரவால்ல.

— இன்னா பரவால்ல? இங்க இன்னா கருப்புன்னு கூட்டத்துல கேட்டா?

— கேக்க மாட்டாங்க. கூட்டம் காலையிலயே முடிஞ்சு போச்சு.

— அப்ப நம்ம பாடு?

— தேசப்பன் புள்ளைக்கு. படகையும் அவனுக்கே வெலை பேசிட்டேன். பாடு இல்லாத படக வெச்சினு நான் இன்னா பண்ண? பொழுது சாய வந்து தள்ளினு போவான்.

— பின்ன எதுக்கு என்ன லீவு போட வெச்சு இத்த அறுக்கச் சொன்ன?

— படகக் குடுக்கக் கூட மனசு வந்துச்சு. நீ அடிச்ச சீட்ட அவனுக்குக் குடுக்க வரலடி.