டம்ப்ஸ்டருக்கு எதிரே கைகட்டி நின்றவருக்கு

கட்டியதைக் கைவிடத் தெரிந்தவனே கட்டத் தகுந்தவன் என்னும் பேருண்மையை இப்பூவுலகில் முதன்முதலில் கண்டுரைத்த கட்டுமானக் கொண்டலே! அட்டைக்குள் ஆன்மாவைத் தேடாதே என்று ஆண்டுதோறும் அறைகூவிய ஆசான்களின் ஆசானே! நியூ ஜெர்சியின் பனிக்கும் டீன் அலுவலகத்தின் காற்றுக்கும் ஒருபோதும் மசியாத மீசைக்கு உரியவரே! பேராசிரியர் வரதராஜா ஐயா அவர்களே!

எகிப்தியர் பிரமிடு கட்டினர். அதை விட மனமில்லாமல் இன்றளவும் வைத்துக்கொண்டிருக்கின்றனர். ரோமர் அரங்கம் கட்டினர். பாதி இடிந்த பிறகும் கட்டணம் வாங்கிக் காட்டுகின்றனர். கட்டியதைக் கட்டியவர் கையாலேயே குப்பையில் போடவைத்த நாகரிகம் உலக வரலாற்றில் ஒன்றே ஒன்றுதான், அது தங்கள் கட்டடக்கலை வகுப்பான ஸ்டூடியோ. இது எங்கள் கூற்றன்று. செப்டம்பர் மாதத்து முதல் வகுப்பில், புன்னகையின் நிழல்கூட இல்லாமல், தாங்களே முழங்கிவந்த முழக்கம்.

இன்று ஐசலின் நகரத்து உணவகம் ஒன்றின் மாடியில், தங்களோடு பணியாற்றிய நாங்கள் தங்களுக்கு விடைகொடுக்கக் கூடியிருக்கிறோம். டீன் அவர்கள் ஒரு கண்ணாடிக் கட்டியைப் பரிசளித்து, ஆங்கிலத்தில் பேசி, அமர்ந்துவிட்டார். இனித் தமிழ். மொழி புரியாத நண்பர்கள் குரல் உயரும் இடங்களில் மட்டும் கைதட்டினால் போதும். துறைக் கூட்டங்களில் நாங்களும் அப்படித்தான் தட்டிவந்தோம்.

அடித்தள ஆண்டின் அச்சாணியே! கட்டடம் வரைய வந்தவர், பாலம் போட வந்தவர், ஊருக்குத் திட்டம் தீட்ட வந்தவர், அப்பா சொன்னார் என்பதற்காக மட்டும் வந்தவர் என அனைவரையும் ஓராண்டு ஒரே கூரையின் கீழ் உட்காரவைத்து, பிறகே பிரித்தனுப்பும் இந்தக் கட்டுமானச் சூழல் அடித்தள ஆண்டைத் தாங்கள் தொடங்கியபோது, பல்கலைக்கழகம் தந்தது ஒரு பழைய கிடங்கு. மழை பெய்தால் உள்ளேயும் பெய்யும். "ஒழுகிற இடத்திலதான் கூரையைப் படிக்கலாம்" என்று சொல்லி அதையும் பாடமாக்கிக்கொண்டீர்கள்.

மறுக்க முடியாத மாண்புகளையும் சொல்லிவிடுகிறோம். பிரின்ஸ்டன் ஜங்ஷன் ரயில் நிலையத்துக்கு மாணவரை மழைநாளில் அழைத்துச் சென்று, குடையை மடக்கச் சொல்லி, "கூரை எங்க வேணுமெண்டு என்னைக் கேக்காதேயுங்கோ, நனையிற ஆளைப் பாருங்கோ" என்றீர்கள். இருமிக்கொண்டே பார்த்தார்கள். அந்த இருமலுக்குப் பிறகு யாரும் வாசல் தெரியாத கட்டடத்தை வரையவில்லை. தாங்கள் ஓர் அறைக்குள் நுழைந்தால் முதலில் கதவின் அகலத்தைப் பார்ப்பீர்கள், ஜன்னலைப் பார்ப்பீர்கள், மனிதரைப் பார்ப்பது மூன்றாவதாகத்தான். பார்த்தவரை மறந்ததில்லை. பெயரை மட்டும் மறந்துவிடுவீர்கள். ஸ்டூடியோ உதவியாளன் தீபக் நான்காண்டுகள் தங்களுக்குக் கீழே வேலை பார்த்தும் இரண்டாண்டுகள் 'தினேஷ்' என்றே அழைக்கப்பட்டான். அவனும் அதற்குப் பழிவாங்கும் விதமாகத் தங்கள் குரலில் பேசக் கற்றுக்கொண்டான். தாங்கள் இல்லாத மதிய வேளைகளில் தாங்கள் பேசுவதை நாங்கள் கேட்டுச் சிரித்திருக்கிறோம். மன்னிக்க வேண்டியதில்லை.

இனி அந்தச் சடங்குக்கு வருவோம்.

மே மாதக் கடைசியில் மதிப்பீடு முடிந்த மறுநிமிடம், ஒவ்வொரு மாணவரும் தாம் நான்கு மாதம் வெட்டி, ஒட்டி, விரலைக் கிழித்துக்கொண்டு செய்த மாதிரிக் கட்டடத்தைக் கையில் ஏந்தி, கிடங்கின் பின்புறத்துப் பச்சைக் குப்பைப் பெட்டியான டம்ப்ஸ்டருக்கு ஊர்வலமாகச் சென்று, தம் கையாலேயே உள்ளே எறிய வேண்டும். தாங்கள் எதிரே கைகட்டி நிற்பீர்கள். புகைப்படம் கூடாது. "படம் எடுத்து வைக்கிறது, செத்த வீட்டில பவுடர் பூசுற வேலை" என்பீர்கள். கண் கலங்கியவர்களை விடமாட்டீர்கள். "என்ன காணும், இதென்ன உம்மட பிள்ளையே? அட்டைதானே! போடும்!" ஒருமுறை ஒரு பையன் மாலையில் திரும்பி வந்து தன் மாதிரியை எடுக்கக் குனிந்தபோது பிடித்துவிட்டீர்கள். அடுத்த ஆண்டு மாணவருக்கெல்லாம் அவன் கதையைச் சொல்லிச் சொல்லியே அவனை ஓர் ஊர்ச்சிரிப்பாக்கினீர்கள். பட்டம் பெற்று வேறு மாநிலத்துக்குப் போன பிறகும் அவனுக்கு இங்கே 'குப்பைக்கிளறி' என்றுதான் பெயர்.

இந்த ஆண்டும் அது நடந்தது, வெள்ளிக்கிழமை பிற்பகல். மாணவி தர்சனா செய்திருந்தது ரயில் நிலையத்து மழை ஒதுங்கிடம். ஒரு கூரை, மூன்று தூண், சக்கர நாற்காலி திரும்ப இடம். அவ்வளவே. மதிப்பீட்டுக்கு வந்த வெளியார் மூவரும் அதைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள். அவளும் எறிந்தாள். எறிந்துவிட்டுச் சிரிக்கவும் செய்தாள். பிறகு வழக்கம்போல் பீட்சா.

பீட்சாவின் நடுவில் டீன் வந்து, வாயைத் துடைத்துக்கொண்டு, அறிவித்தார். அடித்தள ஆண்டு இத்துடன் மூடப்படுகிறது. இந்த ஆண்டை முடித்தவர்கள் இரண்டாம் ஆண்டுக்குத் தாமாக ஏறிவிட முடியாது. இங்குள்ள துறைகளிடமோ வேறு பல்கலைக்கழகங்களிடமோ விண்ணப்பித்து, செய்த வேலையை நேரில் காட்டி, இடம் வாங்கிக்கொள்ள வேண்டும். ஜூன் நடுவில் நேர்காணல்கள். அனைவருக்கும் வாழ்த்துகள். அவர் இன்னொரு துண்டு எடுத்துக்கொண்டார்.

செய்த வேலை எங்கே? எல்லாத் தலைகளும் ஒரே நேரத்தில் பின்கதவின் பக்கம் திரும்பின. தீபக் தன் வாயிலிருந்த பீட்சாவை மென்று விழுங்க மறந்தான். தர்சனாதான் முதலில் ஓடினாள். டம்ப்ஸ்டரின் விளிம்பில் அவள் கை வைக்கும் முன்பே தாங்கள் அங்கே நின்றீர்கள், பழைய இடத்தில், பழையபடி கைகட்டி.

"என்ர ஆண்டில போட்டதை ஆரும் எடுத்ததில்லை."

"பட் ப்ரொஃபஸர், ஐ நீட் இட்! இன்டர்வியூவுக்கு வாட் டு ஐ ஷோ?"

"தலைக்குள்ள இருக்கிறதைக் காட்டும். அட்டையைக் கட்டிப் பிடிக்கிறவையை ஒருத்தரும் எடுக்கமாட்டினம்."

அவளுக்குப் பின்னால் வந்து நின்ற இருபதுக்கு மேற்பட்ட பிள்ளைகள், ஓராண்டுப் பயிற்சியின் பலனாக, ஒருவர்கூடக் குப்பைக்கிளறி ஆகத் துணியாமல் திரும்பினார்கள். கட்டொழுங்கு என்றால் இதுவன்றோ கட்டொழுங்கு! (கைதட்டலாம்.)

அன்று மாலை, ஒன்பதாண்டுகள் தங்களோடு அதே கிடங்கில் பாடம் நடத்திய றெஜினா அவர்கள் தங்களிடம் கேட்டார்: "சேர், இது உங்களுக்கு முதலே தெரியுமோ?"

"ஓம். ஏப்ரலில வாக்கெடுப்பு. நானும் கை உயர்த்தினன்."

"மூடுறதுக்கா?"

"பற்று வைக்கக்கூடாது, றெஜினா. ஊருக்கெல்லாம் சொல்லிப்போட்டு நான் வைக்கலாமே?"

"அப்ப ஏன் பிள்ளைகளை எறிய விட்டனீங்கள்?"

முழக்கம் முழங்கும் வாய்க்கு அன்று முதன்முதலாக ஓய்வு கிட்டியது. தாங்கள் அதிகாரபூர்வமாக ஓய்வு பெறுவது இன்றுதான் என்றாலும், ஓய்வு தொடங்கிய நாள் அதுவே என்று நாங்கள் கருதுகிறோம்.

கை உயர்த்தியதற்கு நன்றியாகத் தங்களுக்குத் 'தகைசால் பேராசிரியர்' என்ற பட்டமும், கிடங்கின் எதிரிலேயே ஆயுள்வரை கார் நிறுத்த ஓர் இடமும் வழங்கப்பட்டதாக அறிந்து பூரித்தோம். இரண்டுக்கும் வாக்குக்கும் தொடர்பில்லை என்று டீன் அலுவலகம் சொல்கிறது. நாங்கள் கேட்காமலே சொன்னார்கள்.

சனிக்கிழமை முழுவதும் மழை. ஞாயிறும் தூறல். செவ்வாய்க்கிழமை காலை நாங்கள் ஸ்டூடியோவைத் திறந்தபோது, நீண்ட மேசைகளின் மேல் அத்தனை மாதிரிகளும் வரிசையாக இருந்தன. பாதி காய்ந்திருந்தன, சில கூழாகிப்போயிருந்தன. தர்சனாவின் ஒதுங்கிடத்தில் தூண் ஒன்று முறிந்து, எந்த மாணவரும் ஒட்டாத அளவுக்குத் தடியாகப் பசை வைத்து ஒட்டப்பட்டிருந்தது. அதைத் தூக்கிக்கொண்டு அவள் அழுதாள், சிரித்தாள், அம்மாவுக்கு ஃபோன் பண்ணினாள். அடுத்த வாரம் அவளுக்கு நேர்காணல். அந்தப் பசைக்கட்டி என்னவென்று கேட்டால் என்ன சொல்வது என்பது மட்டுமே இப்போது அவளுடைய கவலை.

"தீபக், தாங்ஸ். நீர் ஒரு நல்ல பிள்ளை" என்றார் றெஜினா.

"நான் இல்லைங்க மேடம்" என்றான் தீபக். வழக்கமாகச் செய்யாததற்கும் பெயர் வாங்கிக்கொள்பவன் அன்று ஏன் அவ்வளவு வேகமாக மறுத்தான் என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை.

தாங்கள் வாசலில் நின்று மேசைகளை ஒருமுறை பார்த்தீர்கள். "கிளீன் பண்ணுற ஆக்கள் வைச்சிருப்பினம்" என்றீர்கள். போய்விட்டீர்கள்.

ஆகவே, அருந்தகையே! தாங்கள் நெடுங்காலம் நோயின்றி வாழ வேண்டும். எங்கள் வேலை இம்மாத இறுதியோடு முடிகிறது, தங்கள் கார் நிறுத்தும் இடமோ ஆயுளுக்கும் உரியது. அந்த இடத்தைப் பல்கலைக்கழகம் விரைவில் திரும்பப் பெற்றுவிடக்கூடாது என்று நாங்கள் உளமார விரும்புகிறோம். அதில் தங்கள் மேல் உள்ள அன்பு எவ்வளவு, அவர்கள் மேல் உள்ள கடுப்பு எவ்வளவு என்று பிரித்துப் பார்க்கவில்லை. இரத்த அழுத்தம் சீராக இருக்கட்டும். முழங்கால்கள் உறுதியாக இருக்கட்டும். வெஸ்ட் வின்ட்சரில் உள்ள தங்கள் வீட்டின் கூரை ஒழுகாதிருக்கட்டும். றெஜினா அவர்களுக்கு எங்காவது ஒரு வேலை கிடைக்கட்டும்.

மடல் இங்கே முடிந்திருக்க வேண்டும். இதைக் கண்ணாடிச் சட்டம் போடக் கொடுக்கும் முன், நேற்று, தீபக் ஒன்றைச் சொன்னான். சொன்னதை விட்டுவிட எங்களுக்கு மனம் வரவில்லை. தங்கள் கொள்கைப்படி இது எங்கள் குறை.

ஞாயிறன்று றெஜினா அவனை ஃபோனில் கூப்பிட்டிருக்கிறார். "நாளைக்கு மெமோரியல் டே லீவு, குப்பை லாரி வராது. நீர் போய் எல்லாத்தையும் எடும். சேருக்குச் சொல்லாதேயும்."

"டம்ப்ஸ்டர்ல இறங்கறதுக்கா மேடம் எங்கம்மா என்னை அமெரிக்கா அனுப்புனாங்க?"

"உங்கட அம்மாவோட நான் கதைக்கிறன். போம்."

போனான். திங்கட்கிழமை வெயில் ஏறிக்கொண்டிருந்த நேரம், வளாகத்தில் ஓர் ஈ காக்கை இல்லை. கிடங்கின் மூலையைத் திரும்பியதும் வேலியில் ஒரு கோட்டு தொங்குவதைக் கண்டான். புல்லில் செய்தித்தாள் விரித்து, அதன் மேல் ஈரமாக ஐந்தாறு கட்டடங்கள். பச்சைப் பெட்டிக்குள் இடுப்பளவு ஆழத்தில் ஒரு வெள்ளைச் சட்டை. டை நனையாமலிருக்க, அது இரண்டு பொத்தான்களுக்கு நடுவே செருகப்பட்டிருந்தது.

தீபக்குக்கு இப்படியொரு நாள் வாழ்நாளில் இனி வாய்க்காது. நான்காண்டுகள் பழகிய குரல் தொண்டையில் தயாராக நின்றது: என்ன காணும், இதென்ன உம்மட பிள்ளையே? வாயையும் திறந்துவிட்டான். அந்த நேரம் பார்த்துத் தாங்கள் ஒரு கூரையைக் கையில் எடுத்து, அதில் ஒட்டியிருந்த பீட்சாத் தாளைக் கிள்ளி எறிந்து, கைக்குட்டையால் ஒற்றி, அதன் உள்பக்கம் வாயை வைத்து மெல்ல ஊதினீர்கள். உள்ளே தேங்கியிருந்த நீர் சொட்டியது. மறுபடி ஊதினீர்கள்.

அவன் சத்தமில்லாமல் பின்வாங்கி, பெட்டி கண்ணில் படும் தூரத்தில் நிறுத்தியிருந்த காருக்குப் போனான். போய்க் கதவை வேண்டுமென்றே பலமாகச் சாத்தினான். ஏன் சாத்தினான் என்று அவனுக்கே தெரியவில்லை என்கிறான். நாங்கள் நம்பவில்லை. தாங்கள் சட்டென்று உள்ளே குனிந்துகொண்டீர்கள். கோட்டு மட்டும் வேலியில் ஆடிக்கொண்டிருந்தது.

எஞ்சினை ஓடவிட்டபடி அவன் சிறிது காத்திருந்தான், பிறகு வண்டியைத் திருப்பினான். பின்னால் பார்க்கும் கண்ணாடியில், அந்தப் பெட்டியின் விளிம்புக்கு மேலே, முதலில் நனைந்த கூரை ஒன்று எழுந்தது. பிறகு, அதைக் கீழிருந்து தாங்கிய இரண்டு கைகள்.

அடித்தள ஆண்டுப் பணியாளர்கள்
ஐசலின், ஜூன் 2000