தபோதரனின் காட்டு ஜக்கெட்

எங்கள் வீட்டில் ஜக்கெட்டுகளை அலுமாரிக்குள் வைத்து மூடிய பிறகுதான் சமையல் தொடங்கும். ஜெர்மனியில் எந்தத் தமிழ் வீட்டிலும் அப்படித்தானே, வத்சலா மச்சாள். தாளித்த மணத்தோடு பஸ்ஸில் ஏற யாருக்கு விருப்பம்? அந்த வழக்கத்தை நான் மீறியது ஒரேயொரு ஜக்கெட்டுக்காக. உங்கள் தம்பியின் பச்சை ஜக்கெட். டார்ம்ஸ்டாட்டிலிருந்து எங்கள் ஹம் நகரம் வரைக்கும் ரயிலேறி வந்து, "தம்பி ஏன் இப்பிடி மெலிஞ்சு போனான், கௌரி?" என்று கேட்கிறீர்கள். மறைக்காமல் சொல்கிறேன்.

என் மனிதர் தபோதரன் சனிக்கிழமைகளில் வில்லோடு மான் அடிக்கப் போகத் தொடங்கி இரண்டு வருடமாகிறது. அம்பால் வேட்டையாடுவது இந்த நாட்டில் குற்றம். பிடிபட்டால் வேலையும் போகும். சொன்னால் கேட்கிற மனிதரா அவர்? மான்கள் பாவம். நான் மான்களின் பக்கம் நின்றேன்.

மானுக்கு முதலில் மூக்குத்தான். காற்று அதன் பக்கம் வீசினால் போதும், ஓடிவிடும். ஆகவே வெள்ளிக்கிழமைகளில் கறித்தூளுக்கு மிளகாய் வறுக்கும்போது அந்த ஜக்கெட்டை அடுப்புக்கு மேலே கொழுவினேன். அதற்கு முன் துவைப்பது பளிச்சென்று வெளுக்கும் பவுடரில். அது மானின் கண்ணுக்கு நீலமாய் ஒளிருமாம், எங்கோ படித்தேன். பசிக்குமே என்று பொக்கெற்றில் ஒரு மிக்சர் பையும் வைப்பேன். அவர் அசைய அது சரசரத்தால் நான் என்ன செய்ய?

ஒரு மானும் கிட்ட வரவில்லை. தன் உடம்பு வாடைதான் காரணம் என்று மனிதர் சவர்க்காரத்தை விட்டார், இறைச்சியை விட்டார், வெங்காயத்தையும் விட்டார். மெலிந்தது அப்படித்தான். நான் தடுக்கவில்லை.

ஒருநாள் சொன்னார்: "ஒரேயொரு மான் விழட்டுமடி. பிறகு சனிக்கிழமையெல்லாம் உன்னோடைதான்."

அவர் வீட்டில் நின்றால் சட்டி மூடியைத் திறந்து, "உப்புக் காணுமோ, இன்னும் போடவேணுமோ?" என்று கேட்டபடி நாள் முழுக்க என் பின்னால் திரிவார். இதைச் சும்மா சொல்கிறேன், மச்சாள். அதற்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

போன மாதம் வில்லைச் சுவரில் மாட்டிவிட்டு, "என்னாலை ஏலாது. இனிப் போகேல்லை" என்றார். அப்படியென்றால் இனிச் சனிக்கிழமையும் வீட்டில்தான்! அன்றே ஜக்கெட்டை வெறும் தண்ணீரில் அலசி, இரண்டு நாள் பல்கனிக் காற்றில் காயவிட்டேன். பொக்கெற்றில் ஒன்றும் வைக்கவில்லை. "கடைசியா ஒருக்காப் போய்ப் பாருங்கோவன்" என்று கெஞ்சி அனுப்பினேன்.

அந்தச் சனிக்கிழமை பின்னேரம் முகமெல்லாம் சிரிப்போடு வந்தார். "கௌரி, பத்தடி தூரத்திலை வந்து நிண்டதடி! அம்பு விட்டனான். பட்டதோ தெரியேல்லை, பத்தைக்குள்ளை பாய்ஞ்சிட்டுது. வாற சனியும் போறன், அதுக்கடுத்த சனியும் போறன்!"

எனக்கு அப்படியொரு சந்தோஷம். உடனே ரவைக் கேசரி கிண்டிக் கொடுத்தேன். இரண்டு பேரும் சிரித்துச் சிரித்துச் சாப்பிட்டோம். அந்த மான் பிழைத்ததா என்று இப்போது நீங்கள் கேட்ட பிறகுதான், மச்சாள், அதை அவரிடம் கேட்க எனக்குத் தோன்றவேயில்லை என்பது ஞாபகம் வருகிறது.